விரல்கள் செய்த வேலை: வீடியோ கேம் ஒன்று தொலைக்காட்சித் தொடராக மாறும் விதம்

நாவல் ஒன்று திரைப்படமாகும்போது என்ன குறையும், என்ன கூடும் என்பது நமக்கு ஓரளவு பழகிப்போன விஷயம். படித்தவர்களுக்குப் பிடித்த ஓர் அத்தியாயம் விடுபட்டிருக்கும்; பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடிய எண்ணங்கள் வசனமாகவோ மௌனமாகவோ மாறியிருக்கும்; நாமாகக் கற்பனை செய்து வைத்திருந்த முகத்தின் இடத்தில் ஒரு நடிகரின் முகம் வந்து அமர்ந்திருக்கும். வீடியோ கேம் ஒன்று தொலைக்காட்சித் தொடராகும்போது நிகழும் மாற்றம் இதைவிட ஆழமானது. நாவலைப் படிப்பவரும் படத்தைப் பார்ப்பவரும் இருந்த இடத்தில் இருக்க, கதை அவர்களிடம் வந்து சேர்கிறது. விளையாடுபவரின் நிலை வேறு. கையிலுள்ள கன்ட்ரோலரின் குமிழை அவர் முன்னே தள்ளினால்தான் நாயகன் ஓர் அடி எடுத்து வைப்பான். தள்ளாவிட்டால் நின்ற இடத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டு காத்திருப்பான். எழுத்தாளர் எழுதிய கதையை நடத்திச் செல்பவை விளையாடுபவரின் விரல்கள். தொடரில் அந்த விரல்களுக்கு வேலை இல்லை. அப்படியானால் அவை செய்துவந்த வேலையை அங்கே எது செய்யும்? வீடியோ கேமைத் தழுவும் கலை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ மிக நல்ல எடுத்துக்காட்டு. நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் ப்ளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளிவந்தது. அதைத் தழுவிய எச்.பி.ஓ. தொடர் 2023ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று தொடங்கியது. முதல் பருவத்தில் 9 பகுதிகள். விளையாட்டின் கதையை எழுதிய நீல் ட்ரக்மன், ‘செர்னோபில்’ குறுந்தொடரை எழுதிய க்ரெய்க் மேசினுடன் சேர்ந்து இத்தொடரை உருவாக்கினார். மூலத்தை எழுதியவரே தழுவலிலும் அமர்ந்திருந்ததால், இங்கே செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் அறியாமையால் நேர்ந்தது என்று தள்ளிவிட முடியாதது. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று பார்த்தாலே பாடம் கிடைத்துவிடும். கதையின் முடிவு உட்படப் பலவற்றை இக்கட்டுரை பேசப்போகிறது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் கதையின் உலகம். உலகம் அழியும் காலத்தைக் குறிக்கத் தமிழில் ‘ஊழி’ என்றொரு பழைய சொல் உண்டு. அந்த ஊழி முடிந்த பிறகும் சிலர் உயிரோடு எஞ்சியிருந்தால் அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கேட்பவை, பேரழிவுக்குப் பிந்தைய கதைகள் எனப்படும் இந்த வகைக் கதைகள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கதையில் ஊழியைக் கொண்டுவருவது ஒரு பூஞ்சை. கார்டிசெப்ஸ் வகையைச் சேர்ந்த அந்தப் பூஞ்சை மனிதரின் மூளையைப் பற்றிக்கொண்டு அவர்களை மற்றவர்களைக் கடிக்கும் உயிர்களாக மாற்றிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, ராணுவக் கட்டுப்பாட்டிலுள்ள பாஸ்டன் நகரில் கடத்தல் தொழில் செய்து பிழைக்கும் ஜோயல் என்பவரிடம் எல்லி என்ற 14 வயதுச் சிறுமி ஒப்படைக்கப்படுகிறாள். அவள் கடிபட்டும் நோய் பற்றாதவள். அவளிடமிருந்து மருந்து கண்டுபிடிக்க முடியும் என்று நம்பும் ஃபயர்ஃப்ளைஸ் என்ற கிளர்ச்சிக் குழுவிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பேரழிவு தொடங்கிய இரவிலேயே தன் மகள் சாராவை இழந்தவர் ஜோயல். அமெரிக்காவின் குறுக்கே நீளும் பயணத்தில் அவருக்கும் எல்லிக்கும் இடையே வளர்வதுதான் கதை.

பூஞ்சை முற்றிலும் கற்பனையானதன்று. ஓஃபியோகார்டிசெப்ஸ் யூனிலாட்டராலிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை வெப்பமண்டலக் காடுகளில் வாழும் எறும்புகளைப் பற்றுகிறது. பற்றப்பட்ட எறும்பு தன் கூட்டத்தை விட்டு விலகி, தாழ்ந்த செடியொன்றின் இலைக்கு அடியில் போய் நரம்பைக் கவ்விக்கொண்டு அப்படியே இறந்துபோகும். பிறகு அதன் தலையைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு வளர்ந்து, கீழே நடமாடும் மற்ற எறும்புகளின் மேல் நுண்வித்துகளைத் தூவும். மனித உடலின் 37 பாகை வெப்பம் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒவ்வாதது என்பதால் நாம் பெரும்பாலும் தப்பித்துவருகிறோம். இந்த ஓர் உண்மையைத் தொடர் தன் முதல் காட்சியாகவே வைத்திருக்கிறது: 1968ஆம் ஆண்டில் நடப்பதாகக் காட்டப்படும் ஒரு தொலைக்காட்சி உரையாடலில், உலகம் சற்றே வெப்பமானால் பூஞ்சைகளும் அந்த வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளக்கூடுமே என்று ஓர் அறிவியலாளர் நிதானமாகச் சொல்ல, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அடங்கிப்போகிறது. விளையாட்டில் இக்காட்சி கிடையாது. அங்கே அச்சத்தை ஊட்டுவதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருட்டில் நடக்க வேண்டியவர் நாம் என்பதே போதுமானதாக இருந்தது.

ஒருபோதும் வீடியோ கேம் விளையாடாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய கதை விளையாட்டுகள் இரண்டு வகைப் பகுதிகளால் ஆனவை. ஒன்று ‘கட்சீன்’, அது ஒரு சிறு படக்காட்சி போலத் தானாக ஓடும், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றது ‘கேம்ப்ளே’, அதில் நடப்பதும் ஒளிவதும் சுடுவதும் தேடுவதும் நம் கையில். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டை ஒருமுறை முடிக்க ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். அதில் மிகப்பெரும் பங்கு கேம்ப்ளேதான். இப்படியொரு விளையாட்டைத் தொடராக்க நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றும் எளிய வழி, கட்சீன்களை மட்டும் எடுத்து, நடிகர்களை வைத்து மறுபடி படமாக்கி, இடையிலுள்ள சண்டைகளைச் சுருக்கிவிடுவது. கதை கட்சீன்களில் இருக்கிறது, கேம்ப்ளே வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. கதையின் மிக முக்கியமான தருணங்கள் பல, விரல்களின் வழியாகத்தான் சொல்லப்படுகின்றன.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டைத் தொடங்குகிறவர் ஜோயலாகத் தொடங்குவதில்லை. அவருடைய மகள் சாராவாகத் தொடங்குகிறார். நள்ளிரவில் தொலைபேசி மணி கேட்டு எழும் சாராவை, இருண்ட வீட்டுக்குள் அறை அறையாக நாம்தான் நடத்திச் செல்கிறோம். தப்பியோடும் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, எரியும் வீடுகளை அவளுடைய கண்களால் பார்க்கிறோம். கார் மோதிக் கவிழ்ந்த பிறகு திடீரென்று ஜோயலாகிறோம். சற்று முன்பு நாமாக இருந்த அதே சிறுமியைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவள் சுடப்பட்டு இறக்கும்போது, அவளுடைய உடலுக்குள் இருந்த நினைவும் அவளைச் சுமந்த நினைவும் சேர்ந்தே நம்மைத் தாக்குகின்றன. இவ்வளவும் நடக்க 15 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகிறது.

தொடருக்கு இந்த வசதி இல்லை. நம்மை சாராவுக்குள் வைக்க அதனால் முடியாது. அதனால் அது நேரத்தைச் செலவிடுகிறது. பேரழிவு நாளின் காலையிலிருந்து சாராவோடு நம்மை இருக்கவைக்கிறது: காலை உணவு, பள்ளிக்கூடம், தந்தையின் பிறந்தநாளுக்காக அவருடைய கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோவது, பக்கத்து வீட்டு முதியவர்களோடு கழிக்கும் பிற்பகல். அந்த வீட்டில் ஒரு காட்சி. சாரா முதுகைக் காட்டியபடி அலமாரியில் உள்ள திரைப்பட டிவிடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், தெளிவில்லாத மங்கலில், சக்கர நாற்காலியில் அசைவற்று இருக்கும் மூதாட்டியின் உடல் மெல்ல முறுக்கிக்கொள்கிறது. சாரா திரும்பும்போது எல்லாம் பழையபடி இருக்கிறது. விளையாட்டில் சாராவுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். இங்கே அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எச்சரிக்கத் துடிக்கிறோம், முடியவில்லை. விளையாட்டு நம் கைகளை வேலை வாங்கி உண்டாக்கிய பதற்றத்தை, தொடர் நம் கைகள் கட்டப்பட்டிருப்பதையே பயன்படுத்தி உண்டாக்குகிறது. தழுவல் என்பதை விளக்க இந்தச் சில நொடிகளைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது சண்டை. விளையாட்டில் பகைவர்கள் ஏராளம், ஏனென்றால் கைகளுக்குத் தொடர்ந்து வேலை வேண்டும். தோட்டாக்கள் குறைவு, ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். ‘க்ளிக்கர்’ எனப்படும் உயிர்கள் நோய் முற்றியதால் முகமே பூஞ்சையாக வெடித்துப் பார்வையிழந்தவை. வாயால் சொடுக்கொலி எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிந்து நடப்பவை. அவற்றைக் கடந்துபோக, கட்டைவிரலால் குமிழை மிக மெல்லத் தள்ளிக்கொண்டு அரை அடி அரை அடியாக நகர வேண்டும்; விரல் கொஞ்சம் கூடுதலாக அழுந்தினால் அவை கேட்டுவிடும். பிடிபட்டு இறந்தால் சற்று முன்பிருந்த இடத்திலிருந்து மீண்டும் முயலலாம். இந்த மீண்டும் மீண்டும் என்பது விளையாட்டின் உயிர். தொடரிலோ ஒருவர் ஒருமுறைதான் இறக்க முடியும். பத்தாவது தாக்குதலைப் பார்க்கும்போது நம் நெஞ்சு முதல் தாக்குதலின்போது துடித்ததைப் போலத் துடிக்காது. ஆகவே தொடரில் நோயுற்றவர்கள் அரிதாகவே வருகிறார்கள்; வரும்போது ஏதோ ஒன்று மீளமுடியாதபடி மாறிவிடுகிறது. பாஸ்டன் அருங்காட்சியகக் காட்சியில் க்ளிக்கரின் ஒலி கேட்டதும் ஜோயல் பேசாமல் விரலசைவால் மற்றவர்களுக்குச் சைகை காட்டுகிறார். கட்டைவிரலின் எச்சரிக்கை இங்கே நடிகர்கள் அடக்கிக்கொள்ளும் மூச்சாக மாறியிருக்கிறது.

நோய் பரவும் விதமும் முதல் பருவத்தில் மாறியது. விளையாட்டில் மூடிய இடங்களின் காற்றில் நுண்வித்துகள் மிதக்கும். ஜோயல் முகமூடி அணிந்துகொள்வார். தொடரில் அதற்குப் பதிலாக, நோயுற்றவரின் வாயிலிருந்து நீளும் இழைகளும், தரைக்கடியில் நெடுந்தூரம் ஓடும் பூஞ்சை வலையும் வந்தன; ஓரிடத்தில் கால் பட்டால் தொலைவில் கிடப்பவை விழித்துக்கொள்ளும். காற்றில் பரவுவது என்றால் அது ஏன் எங்கும் பரவவில்லை என்ற கேள்வி எழும் என்பதும், முகமூடி நடிகரின் முகத்தை மறைத்துவிடும் என்பதும் இதற்கான காரணங்கள். இரண்டாவது காரணம்தான் நம் பொருளுக்கு முக்கியம். விளையாட்டில் பெரும்பாலான நேரம் நாம் பார்ப்பது ஜோயலின் முதுகை. கேமரா அவருடைய தோளுக்குப் பின்னால் இருக்கும். அவர் என்ன உணர்கிறார் என்பதை நம் கைகள் வழியாக அறிகிறோம். தொடரில் அறிவதற்கு முகம் ஒன்றே வழி. ஜோயலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கலின் முகத்தை மூடிவிட்டால் எஞ்சுவது எதுவுமில்லை. பார்வையாளர்கள் அந்த முகங்களோடு பழகிவிட்ட பிறகு, இரண்டாம் பருவத்தில், நுண்வித்துகள் ஒரு பகுதியில் திரும்பி வருகின்றன.

இனி, பலரையும் வியக்கவைத்த மூன்றாம் பகுதி. விளையாட்டில் பில் என்பவர் முன்கோபம் கொண்ட, எவரையும் நம்பாத தனிமனிதர். பொறிகளால் சூழப்பட்ட சிற்றூரில் வாழ்கிறார். அவருடைய துணைவராக இருந்த ஃப்ராங்க் தூக்கிட்டு இறந்து கிடப்பதை நாம் காண்கிறோம். அருகில் கிடைக்கும் கடிதத்தில் பில் மீதான கசப்பு நிறைந்திருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தேடி எடுப்பதும் பில்லிடம் கொடுப்பதும் விளையாடுபவரின் விருப்பம். இத்தகைய விளையாட்டுகளில் இது ஒரு முக்கியமான கதைசொல்லும் முறை: கைவிடப்பட்ட வீடுகளில் கிடக்கும் குறிப்புகள், சுவரில் குழந்தைகள் வரைந்த படங்கள், பாதியில் நின்றுபோன உணவு மேசை ஆகியவற்றைத் தேடுகிறவருக்கு, கண்ணில் படாத மனிதர்களின் வாழ்க்கை துண்டு துண்டாகத் தெரியவரும். தேடாதவருக்குத் தெரியாது. தேடும் கை இல்லாத தொடரில் இந்த முறைக்கு வலுவில்லை.

அதே வேளையில், விளையாட்டால் முடியாத ஒன்று தொடரால் முடியும். விளையாடுபவர் இயக்கும் பாத்திரத்தை விட்டு விளையாட்டு நகர முடியாதது. கன்ட்ரோலர் பெரும்பாலும் ஜோயலோடு கட்டப்பட்டிருக்கிறது. தொடரோ ஜோயலையும் எல்லியையும் பகுதியின் தொடக்கத்தில் விட்டுவிட்டு, 2003இல் தொடங்கி இருபது ஆண்டுகள் பில், ஃப்ராங்க் ஆகிய இருவரோடு மட்டும் வாழ்ந்துவிட்டு, கடைசியில்தான் பயணிகளிடம் திரும்புகிறது. ஃப்ராங்க் ஒருநாள் பில்லின் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக ஸ்ட்ராபெரி விதைகளை வாங்கிவந்து, ரகசியமாக வளர்த்து, பழுத்ததும் பில்லைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். இரண்டு வயதான மனிதர்கள் தரையில் மண்டியிட்டு ஆளுக்கொரு பழத்தைக் கடிக்கிறார்கள். பில் தன்னையறியாமல் சிறுவனைப் போலச் சிரித்துவிடுகிறார். ஆயுதம் விதையாக மாறிய அந்த ஒரு பண்டமாற்றில், எஞ்சியிருப்பதற்கும் வாழ்வதற்கும் உள்ள தொலைவு தெரிந்துவிடுகிறது. பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு இதற்காக எம்மி விருது கிடைத்தது. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். எனக்கு இப்பகுதி மூலத்துக்கு மிக நெருக்கமானதாகவே தோன்றுகிறது: ஒருவரைக் காப்பதற்காக வாழ்வது என்ற விளையாட்டின் மையக் கருவை, விளையாட்டால் எட்ட முடியாத கோணத்திலிருந்து அது தொட்டிருக்கிறது.

தொடர் இழந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது நடை. விளையாட்டில் நாம் எல்லியோடு மணிக்கணக்காக நடக்கிறோம். அவள் பின்னால் வந்துகொண்டே ஏதோ முணுமுணுப்பாள், வழியில் கண்ட பொருளைப் பற்றிக் கேட்பாள், நாம் அலமாரிகளைத் துழாவிக்கொண்டிருக்கும்போது சுவரில் சாய்ந்து சலித்து நிற்பாள். நீந்தத் தெரியாத அவளுக்காக மரப்பலகையைத் தேடிக் கொண்டுவந்து, அதன் மேல் அவளை ஏற்றித் தண்ணீரைக் கடத்த வேண்டும். சலிப்பூட்டும் அளவுக்கு இது பலமுறை வரும். அந்தச் சலிப்பே பிணைப்பாக மாறும். ஒன்பது பகுதிகளில் இதற்கு இடமில்லை. ஜோயலின் மனம் இளகுவது தொடரில் சற்று வேகமாகவே நிகழ்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அந்த நடையின் பயன் எங்கே தெரிகிறது என்றால், கதையின் இறுதிக்கு அருகில், வசந்த காலப் பகுதியில். உயரமான இடத்தை அடைய ஜோயல் சுவரருகே குனிந்து கைகளைக் கோத்துக்கொள்வதும், எல்லி அதன்மேல் கால்வைத்து ஏறி மேலிருந்து ஏணியை இறக்கிவிடுவதும் அதுவரை பலமுறை நடந்திருக்கும். நாம் சுவரருகே போய்ப் பொத்தானை அழுத்துவோம், அவள் ஓடிவருவாள். இதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் கொடுமையான ஒன்றைக் கடந்துவந்திருக்கிறாள். இப்போது வழக்கம்போல் சுவரருகே போய்ப் பொத்தானை அழுத்துகிறோம். ஜோயல் குனிகிறார், கைகளைக் கோக்கிறார். எல்லி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தொலைவில் ஓரிடத்தில் எதையோ வெறித்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பழக்கப்பட்ட ஒரு பொத்தானுக்குப் பதில் வராமல் போனதில், அவளுக்குள் ஏதோ உடைந்திருப்பது நமக்கு உறைக்கிறது. இந்த அனுபவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவர எந்த இயக்குநராலும் முடியாது. பார்ப்பவரின் விரலில் அந்தப் பழக்கம் ஏறியிருக்கவில்லை.

தொடர் வேறொரு பழக்கத்தை உடைத்துக் காட்டுகிறது. அதுவரை ஓயாமல் பேசியவள் எல்லி, ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் ஜோயல். இறுதிப் பகுதியில் அது தலைகீழாகிறது. வழியில் கிடைத்த டின் உணவைப் பற்றிப் பேசுகிறார், கிதார் கற்றுத்தருவதாகச் சொல்கிறார்; பேச்சை இழுத்து இழுத்துப் போடுகிறார் ஜோயல். பெல்லா ராம்சியின் எல்லி எங்கோ பார்த்துக்கொண்டு பட்டும் படாமலும் பதில் சொல்கிறாள். பிறகு இரண்டிலுமே ஒட்டகச்சிவிங்கி வருகிறது. பாழடைந்த நகரத்தின் கட்டடத்துக்குள் கழுத்தை நீட்டி இலை தின்னும் அந்த விலங்கைக் கண்டு எல்லி மீண்டும் சிறுமியாகிறாள். படப்பிடிப்பு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடந்தது. இக்காட்சியில் நடித்தது கால்கரி உயிரியல் பூங்காவைச் சேர்ந்த உண்மையான ஒட்டகச்சிவிங்கி. விளையாட்டில், ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதைப் பார்த்தபடி இருவரும் நிற்கும் இடத்தில் நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்; நாமாக நகரும்வரை கதை நகராது. அந்தக் காலதாமதத்தின் உரிமையைத் தொடர் தர முடியாது. எவ்வளவு நேரம் போதும் என்பதைப் படத்தொகுப்பாளர் நமக்காக முடிவுசெய்துவிடுகிறார்.

எல்லா விளையாட்டையும் இப்படிக் காட்சிக்குக் காட்சி மாற்ற முடியாது என்பதற்கு ‘ஃபால்அவுட்’ சான்று. 1997இல் தொடங்கிய அந்த விளையாட்டு வரிசையில், அணுகுண்டுப் போரால் 2077ஆம் ஆண்டில் அழிந்த அமெரிக்காவில் விளையாடுபவர் தமக்கான பாத்திரத்தைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார். யாருக்கு உதவுவது, யாரைக் காட்டிக்கொடுப்பது என்பதையும் அவரே முடிவுசெய்கிறார். ஆளுக்கொரு கதை நடக்கும் இடத்தில் எந்தக் கதையைத் தழுவுவது? 2024 ஏப்ரலில் வந்த அமேசான் தொடர் எதையும் தழுவவில்லை. அதே உலகத்தை எடுத்துக்கொண்டு, 2296ஆம் ஆண்டில் புதிய மனிதர்களை வைத்துப் புதிய கதை சொன்னது. நிலத்தடிக் காப்பறையிலிருந்து நல்லெண்ணத்தோடு வெளியே வரும் லூசி, இரும்புக் கவசப் படையின் மேக்சிமஸ், இருநூறு ஆண்டுகளாகச் சாகாமல் இரக்கம் மரத்துப்போன ‘கூல்’ (Ghoul) எனப்படும் உருக்குலைந்த மனிதர் என்று மூவரைப் பின்தொடர்கிறது. விளையாடியவர்களுக்கு இந்த மூவரும் அறிமுகமானவர்களைப் போலத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு: ஒரே உலகத்தில் நல்லவராகவோ, ஓர் அணியின் வீரராகவோ, தன்னலக்காரராகவோ விளையாட முடிந்த அந்த விருப்பங்களே மூன்று மனிதர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020இல் வந்தது. தொடரின் இரண்டாம் பருவம் 2025 ஏப்ரலில். இங்கே சிக்கல் இன்னும் கடினமானது. அந்த விளையாட்டில் ஆபி என்ற பெண் ஜோயலைக் கொல்கிறாள். அவளை வெறுத்துக்கொண்டே நெடுநேரம் விளையாடிய பிறகு, கதை பின்னோக்கிச் சென்று, ஏறத்தாழ பாதி விளையாட்டை நாம் ஆபியாகவே நடத்த வேண்டியதாகிறது. அவள் ஏன் அதைச் செய்தாள் என்பது அப்போதுதான் முழுமையாகத் தெரியவருகிறது. வெறுத்த ஒருத்தியின் பசியையும் அச்சத்தையும் நம் கைகளாலேயே சுமந்து சுமந்து, வெறுப்பு நம்மையறியாமல் தேய்கிறது. தொடரில் ஆபியைச் சுமக்கக் கை இல்லை. காரணத்தை அவ்வளவு காலம் மறைத்தால் பார்வையாளர் ஆண்டுக்கணக்கில் வெறுத்துக்கொண்டே இருப்பார். அதனால் தொடர் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஆபியைப் புதைகுழிகளின் முன் நிறுத்தி, அவளுடைய இழப்பையும் சபதத்தையும் சொல்லிவிடுகிறது. ரகசியம் போய்விட்டது, அதற்கு விலையாகக் கிடைத்தது, அவளையும் மனுஷியாகப் பார்ப்பதற்கான ஒரு தொடக்கம்.

ஆபியின் இழப்புக்குக் காரணமான இடத்துக்கு, முதல் கதையின் முடிவுக்கு, இப்போது வருவோம். சால்ட் லேக் சிட்டியில் உள்ள மருத்துவமனையில் ஃபயர்ஃப்ளைஸ் காத்திருக்கிறார்கள். மருந்து செய்ய வேண்டுமானால் எல்லியின் மூளையிலிருக்கும் பூஞ்சையை எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் இறந்துவிடுவாள். மயக்கத்தில் இருக்கும் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஜோயல் துப்பாக்கியோடு மாடிகளைக் கடந்து போகிறார். விளையாட்டில் இந்தப் போகுதல் முழுவதும் நம்முடையது. அறுவை அரங்கின் கதவைத் திறந்ததும் மருத்துவர் ஒருவர் சிறு கத்தியை ஏந்தி வழிமறித்து நிற்கிறார். அங்கே விளையாட்டு காத்திருக்கிறது. விரும்பாவிட்டால் கன்ட்ரோலரைக் கீழே வைக்கலாம். கதை அங்கேயே நிற்கும். அவரைக் கொல்லாமல் முன்னே போக வேறு வழி திறப்பதில்லை. பொத்தானை அழுத்துகிறோம். செய்தவர் ஜோயல் என்று சொல்லிக்கொள்ளலாம், அழுத்திய விரல் நம்முடையது.

தொடர் இதை நெருங்கிய விதம் நேர்மையானது. பரபரப்பான சண்டையாக அதைக் காட்டிப் பார்வையாளரை ஜோயலின் பக்கம் கைதட்டவைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. துப்பாக்கி ஓசைகள் எங்கோ தொலைவில் கேட்பது போல மங்கிவிடுகின்றன; விளையாட்டுக்கும் தொடருக்கும் இசையமைத்த குஸ்டாவோ சாண்டாவோலாயாவின் தந்திக்கருவி இசை துக்கத்தோடு மெல்ல ஓடுகிறது; பாஸ்கலின் முகத்தில் கோபம்கூட இல்லை, உள்ளே யாரும் இல்லாத வீட்டைப் போல இருக்கிறது. விளையாட்டு நம்மைக் கூட்டாளியாக்கியது. தொடர் நம்மைச் சாட்சியாக நிறுத்துகிறது. நாம் அன்பு வைத்த ஒருவர் இதைச் செய்வதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதே பகுதியின் தொடக்கத்தில் எல்லியைப் பெற்றெடுக்கும் தாயாக வருபவர் ஆஷ்லி ஜான்சன். விளையாட்டில் எல்லிக்குக் குரலும் உடலசைவும் தந்தவர் அவர்தான். ஒருவர் உயிர் கொடுத்த பாத்திரத்தை அவரே பெற்று இன்னொருவர் கையில் ஒப்படைப்பதாக அக்காட்சியை நான் பார்த்தேன்.

கடைசியில் ஜாக்சன் ஊரை நோக்கி மலையேறிப் போகும்போது, விளையாட்டு நம்மை ஜோயலிடமிருந்து பிரித்து எல்லிக்குள் வைக்கிறது. சற்று முன்பு மருத்துவரைக் கொன்ற அதே கை இப்போது எல்லியின் கால்களை நடத்துகிறது. அவளைப் போல நோய் பற்றாதவர்கள் இன்னும் பலர் இருந்ததாகவும், அதனால் பயனில்லை என்று மருந்து தேடுவதையே ஃபயர்ஃப்ளைஸ் நிறுத்திவிட்டதாகவும் ஜோயல் அவளிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதெல்லாம் உண்மைதான் என்று சத்தியம் செய்யும்படி அவள் கேட்கிறாள். அவர் செய்கிறார். பொய் என்று அறிந்த நாம், அறியாதவளின் உடலுக்குள் இருந்து வந்து அதைக் கேட்கிறோம். தொடரில் அப்படி எங்கும் போய் அமர முடியாது. கேமரா பெல்லா ராம்சியின் முகத்தருகே போய் நிற்கிறது. கண்கள் ஜோயலின் முகத்தில் எதையோ தேடுகின்றன, நம்பலாமா என்று நிறுக்கின்றன, ஒரு கணம் கீழிறங்கி மீண்டும் மேலே வருகின்றன. பிறகு அவள் ‘சரி’ என்கிறாள், திரை இருள்கிறது.